மொட்டை மாடிக் கீரைக்கு நான்கு ஏர் பம்ப்: ஒரு வைண்டிங்காரனின் அனுபவம்

எரிந்த மோட்டாரை யாராவது கடைக்குத் தூக்கிவந்தால், மீட்டரை எடுப்பதற்கு முன் நான் மூக்கைத்தான் வைத்துப் பார்ப்பேன். வார்னிஷ் கருகிய வாடை அடித்தால் காயில், அதாவது உள்ளே சுற்றிய கம்பிச்சுருள், போச்சு. இல்லையென்றால் கெபாசிட்டர், பேரிங் என்று தேடலாம். பாலக்காடு மாவட்டத்தில் தமிழ்நாட்டு எல்லையோரம் இருக்கிற கொழிஞ்சாம்பாறையில் 22 வருஷமாக இதுதான் பிழைப்பு. எங்கள் பக்கம் 800, 1000 அடி போர் எல்லாம் சாதாரணம் என்பதால் சப்மெர்சிபிள் மோட்டாருக்குப் பஞ்சமே கிடையாது. 5 எச்.பி., ஏழரை எச்.பி. என்று கழற்றி மாட்டுகிற கை, 350 ரூபாய் மீன்தொட்டி பம்பிடம் போய்த் தோற்றது.

இரண்டு வருஷத்தில் மாடியில் மண்ணில்லாமல் கீரை வளர்ப்பதற்காக நான்கு ஏர் பம்ப் வாங்கினேன். நான்கையும் திறந்து பார்த்தாயிற்று. ஒன்றைத் திறக்க ஹாக்ஸா பிளேடு தேவைப்பட்டது. அதைப் பிறகு சொல்கிறேன். கம்பெனிப் பெயர் எதுவும் எழுதப்போவதில்லை. பயமெல்லாம் இல்லை. பொள்ளாச்சியில் ஒரு பெயர், பாலக்காட்டில் ஒரு பெயர், ஆன்லைனில் மூன்றாவது பெயர் என்று ஒரே அச்சில் வார்த்த டப்பாதான் ஸ்டிக்கர் மாறி வருகிறது. பெயரைச் சொன்னால் நீங்கள் பெயரைத் தேடுவீர்கள். எனக்கு வேண்டியது, கடையில் நின்று டப்பாவைத் தலைகீழாகத் திருப்பி அடிப்பக்கத்தைப் பார்க்கிற ஆள்.

2023 ஆகஸ்டில் ஆரம்பித்தது. மகள் கோயம்புத்தூரில் படிக்கிறாள். அங்கே எங்கேயோ சாலட் சாப்பிட்டுவிட்டு வந்து, "அப்பா, லெட்டூஸ் நம்மளே வளக்கலாம், தண்ணியிலயே வளருது" என்றாள். மீன் மார்க்கெட்டில் 120 ரூபாய்க்கு ஒரு பழைய தெர்மாகோல் பெட்டி வாங்கி, நன்றாகக் கழுவிக் காயவைத்து, உள்ளே கறுப்பு பாலித்தீன் விரித்தேன். 60 லிட்டர் உரக் கரைசல் பிடிக்கும். மூடியில் 12 ஓட்டை, ஓட்டைக்கு ஒரு நெட் பாட், அதாவது செடி நிற்கிற வலைக் கிண்ணம். வேர் முழுக்கத் தண்ணீரில் தொங்குவதால் அதற்கு மூச்சுக்காற்று நாம்தான் கொடுக்க வேண்டும். அதற்குத்தான் ஏர் பம்பும், அதன் நுனியில் குமிழ் விடுகிற ஏர் ஸ்டோனும்.

முதல் பம்ப் பொள்ளாச்சியில் ஒரு மீன்தொட்டிக் கடையில் வாங்கியது. இரண்டு அவுட்லெட், 5 வாட்ஸ், 350 ரூபாய். அட்டையில் ஒரு அவுட்லெட்டுக்கு நிமிஷத்துக்கு மூன்றரை லிட்டர் என்று போட்டிருந்தது. நான்கு லிட்டர் கரைசலுக்கு நிமிஷத்துக்கு அரை லிட்டர் காற்று என்று ஒரு கணக்கு இந்த வேலை செய்கிறவர்களிடம் புழக்கத்தில் உண்டு. 60 லிட்டருக்கு ஏழரை வருகிறது. பம்ப் ஏழு கொடுக்கிறது. சரி, போதும் என்று வாங்கிவிட்டேன்.

மோட்டார்காரனுக்கு அட்டையில் போட்டதை நம்பத் தெரியாது. வீட்டுக்கு வந்ததும் அளந்து பார்த்தேன். இதற்குக் கருவி எதுவும் வேண்டாம். ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலை முழுக்க நிரப்பி, வாயைக் கையால் பொத்தி, பக்கெட் தண்ணீருக்குள் கவிழ்த்துப் பிடிக்க வேண்டும். பம்பின் டியூபை பாட்டில் வாய்க்குள் நுழைத்துவிட்டுப் போனில் ஸ்டாப்வாட்ச்சைத் தட்டினால், காற்று மேலே ஏற ஏறத் தண்ணீர் கீழே இறங்கும். பாட்டில் காலியாக எத்தனை செகண்டோ அதுதான் ஒரு லிட்டருக்கான நேரம். டியூபை மட்டும் விட்டால் 24 செகண்ட். அதாவது நிமிஷத்துக்கு இரண்டரை லிட்டர். அதே டியூபில் ஏர் ஸ்டோனை மாட்டி, ஒரு அடி ஆழத்தில் வைத்து, மேலே வரும் குமிழை பாட்டிலுக்குள் பிடித்தால் 38 செகண்ட். ஒன்றரை லிட்டருக்குக் கொஞ்சம் மேலே. இரண்டு அவுட்லெட்டும் சேர்ந்து மூன்று லிட்டர் சொச்சம். அட்டை சொன்னதில் பாதிகூட இல்லை.

இது ஏமாற்று வேலை என்று சொல்ல மாட்டேன். எங்கள் போர் மோட்டாரிலும் இதே கதைதான்: தலைக்கு மேல் எத்தனை அடி தூக்குகிறதோ அத்தனை தண்ணீர் குறையும். அட்டையில் இருப்பது எந்தத் தடையும் இல்லாமல் வெறுங்காற்றில் ஊதும்போது வருகிற கணக்கு. நம் வீட்டில் அது 30 சென்டிமீட்டர் தண்ணீரைத் தள்ள வேண்டும், ஸ்டோனின் பொடித் துளை வழியாக நுழைய வேண்டும், மூன்று மீட்டர் டியூபில் ஓட வேண்டும். அட்டையில் உள்ளதைப் பாதியாக்கிக்கொண்டு வாங்குங்கள்.

உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்தால் பாதி ரிப்பேரை நீங்களே பார்த்துவிடலாம். இதில் மோட்டார் கிடையாது. சுற்றுகிற பாகமே இல்லை. நடுவில் ஒரு காயில். அதன் இரண்டு பக்கமும் ரப்பர் முனையில் நிற்கிற இரண்டு கை, ஒவ்வொரு கையின் நுனியிலும் ஒரு காந்தம். கரண்ட் மாறி மாறிப் போகிற வேகத்துக்குக் காந்தம் இழுபட்டுத் தள்ளுபட்டு ஆடும். நம் ஊர் கரண்ட் 50 ஹெர்ட்ஸ் என்பதால் செகண்டுக்கு 50 தடவை. கையோடு ஒட்டியிருக்கிற கிண்ணம் மாதிரியான ரப்பர் அமுங்கி விரியும். அதன் அடியில் காற்று உள்ளே வர ஒரு சின்ன வால்வு, வெளியே போக ஒன்று. அவ்வளவுதான் மொத்த மெஷினும். ஒரு நாளைக்கு அந்த ரப்பர் 43 லட்சத்து 20 ஆயிரம் தடவை மடங்குகிறது. கிழியாமல் என்ன செய்யும்?

ஆனால் என் பம்புக்கு ரப்பர் கிழிவதற்கு முன்பே ஒரு கண்டம் வந்தது. அக்டோபரில் ஒரு சாயங்காலம் இடி மழை, கரண்ட் போய்விட்டது. பம்பை மாடித் தரையில் வைத்திருந்தேன். பெட்டியோ இரண்டு செங்கல் மேலே இருந்தது. காற்று நின்றதும் தண்ணீர் டியூப் வழியாகத் திரும்பி ஏறி, சைபன் பிடித்து, பம்புக்குள் இறங்கிவிட்டது. கரண்ட் வந்ததும் பம்ப் பால் சொம்பு பொங்குகிற மாதிரி நுரை தள்ளியது. குழாயில் ஏறிய தண்ணீர் திரும்பி இறங்காமல் தடுக்கிற ஃபுட் வால்வை 22 வருஷமாக மாட்டிவிடுகிறவன், டியூபில் அதே வேலையைச் செய்கிற பத்து ரூபாய் நான்-ரிட்டன் வால்வு மாட்ட மறந்துவிட்டேன். வெளியில் சொல்லிக்கொள்ளவில்லை, இப்போதுதான் சொல்கிறேன்.

பம்பைத் தண்ணீர் மட்டத்துக்கு மேலே ஆணியில் தொங்கவிடுவதுதான் முதல் வைத்தியம். வால்வு இரண்டாவது காவல்தான், ஏனென்றால் வால்வும் உப்புப் படிந்து ஒட்டிக்கொள்ளும். வாங்கும்போதே வாயில் வைத்து ஊதிப் பாருங்கள்: ஒரு பக்கம் காற்று போக வேண்டும், மறுபக்கம் போகக் கூடாது. அம்புக்குறி ஸ்டோன் பக்கம் பார்க்க மாட்ட வேண்டும். திருப்பி மாட்டிவிட்டு பம்ப் வேலை செய்யவில்லை என்று என்னிடம் கொண்டுவந்தவர்கள் இதுவரை இரண்டு பேர். அதில் ஒருவர் சித்தூரில் பிசிக்ஸ் சொல்லிக்கொடுக்கிற மாஷ்.

நனைந்த பம்பைத் தலைகீழாக இரண்டு நாள் காயவைத்தேன், ஓடிவிட்டது. ஆனால் சத்தம் கூடிவிட்டது. மாடிக்கு நேர் கீழே அம்மா படுக்கிற அறை. "ஏம்பா, ராத்திரி பூரா மேல என்ன வண்டு கத்திக்கிட்டே கெடக்குது?" என்று கேட்டார்கள். சத்தத்துக்குக் காரணம் பெரும்பாலும் பம்ப் இல்லை, அது உட்கார்ந்திருக்கிற இடம்தான். தளத்தின் மேல் வைத்தால் தளமே செண்டை மாதிரி அதிரும். பழைய சைக்கிள் டியூபைத் துண்டாக வெட்டி அதில் பம்பைத் தொட்டில் மாதிரி கட்டித் தொங்கவிட்டதும் பாதிச் சத்தம் அடங்கிவிட்டது. அதற்குப் பிறகும் கடகடவென்று அடித்தால் உள்ளே காந்தம் எங்கேயோ உரசுகிறது, அல்லது ரப்பர் தளர்ந்துவிட்டது என்று அர்த்தம். ராத்திரியில் மட்டும் சத்தம் கூடினால் வோல்டேஜைப் பாருங்கள். எங்கள் தெருவில் எல்லா போரும் நின்ற பிறகு நடுச்சாமத்தில் வோல்டேஜ் ஏறும். அப்போது கை எட்டிப்போய் இடிக்கும்.

அடுத்த வில்லன் ஸ்டோன். எங்கள் போர்த் தண்ணீரின் டிடிஎஸ், அதாவது கரைந்திருக்கிற உப்பின் அளவு, மீட்டரில் 1100-க்கு மேலே காட்டியது. சோப்பு நுரைக்காது, குக்கரில் வெள்ளை ஓடு பிடிக்கும். அந்தத் தண்ணீரில் உரக் கரைசலும் சேர்ந்தால் நீல நிற மணல் ஸ்டோன் இரண்டு மாதத்தில் சுண்ணாம்பு பூசிய மாதிரி ஆகிவிடும். குமிழ் குறைந்தால் பம்பைத் திட்டுவதற்கு முன் ஸ்டோனைக் கழற்றிவிட்டு வெறும் டியூபைத் தண்ணீரில் விட்டுப் பாருங்கள். குமிழ் கொட்டினால் பம்ப் நல்ல பிள்ளை, குற்றவாளி ஸ்டோன். ஒரு ராத்திரி வினிகரில் ஊறப்போட்டால் சுண்ணாம்பு விடும்; எங்கள் ஊர் மளிகைக் கடையில் சுர்க்கா என்று கேட்டாலும் கொடுப்பார்கள். வழவழவென்று பாசி பிடித்திருந்தால் பிளீச்சிங் கரைசல். இரண்டையும் ஒரே பாத்திரத்தில் கலந்துவிடாதீர்கள், விஷவாயு வரும். ஒன்றில் ஊறவைத்து, நன்றாக அலசிய பிறகுதான் இன்னொன்று. உண்மையைச் சொன்னால் 15 ரூபாய் ஸ்டோனை நான் இரண்டு முறை கழுவுவேன், மூன்றாவது முறை குப்பைதான். அடைத்த ஸ்டோனோடு ஓடுகிற பம்பின் ரப்பர் சீக்கிரம் கிழியும். பதினைந்து ரூபாயை மிச்சம் பிடித்து 350 ரூபாயைத் தொலைக்கக் கூடாது.

அப்புறம் அடியில் ஒரு சின்ன ஃபெல்ட் துண்டு இருக்கும், காற்று உள்ளே வருகிற வாசல். ஆனி, ஆடிக் காற்றில் பாலக்காட்டுக் கணவாய் அள்ளிக்கொண்டு வருகிற புழுதி எல்லாம் அதில்தான் வந்து உட்காரும். மாதம் ஒரு தடவை கழற்றித் தட்டுங்கள். கொசுவத்திச் சுருளும் பூச்சிமருந்தும் பம்ப் பக்கத்தில் வேண்டாம். அது உறிஞ்சுவதெல்லாம் நேராக வேருக்குத்தான் போகிறது.

2024 ஏப்ரல். அந்த வருஷம் பாலக்காட்டுக்கு வெப்ப அலை எச்சரிக்கை வந்தது நினைவிருக்கும். மூன்று மணிக்குப் பெட்டிக்குள் தெர்மாமீட்டரை விட்டேன், 33 டிகிரி. லெட்டூஸ் தலை தொங்கிவிட்டது. மூடியைத் தூக்கினால் வெள்ளையாக இருக்க வேண்டிய வேர் டீ வடிகட்டின துணி மாதிரி பழுப்பு, தொட்டால் வழுவழு, சாக்கடை வாடை. பம்பின் ஒரு அவுட்லெட்டில் காற்றே இல்லை. ஆடுகிற சத்தம் இருந்தது, காற்று இல்லை. ரப்பர் கிழிந்துவிட்டது என்பதற்கு இதைவிட அடையாளம் வேண்டாம். சத்தமே இல்லையென்றால் காயில் அல்லது வயர், சத்தம் இருந்து காற்று இல்லையென்றால் ரப்பர் அல்லது வால்வு.

ரப்பரை மாற்றலாம் என்று பம்பைத் திருப்பினால் ஸ்குரூவே இல்லை. அடிமூடியைச் சுற்றிப் பசை வைத்து ஒட்டியிருந்தார்கள். ஹாக்ஸாவால் நாலு பக்கமும் அறுத்துத் திறந்தேன். கிழிந்தது ஒரு ரூபாய் நாணயம் அகல ரப்பர். காயில் எப்பாக்ஸியில் முங்கிக் கல்லாகக் கிடந்தது. இனி எரிந்தாலும் சுற்ற முடியாது. ரப்பருக்காகப் பொள்ளாச்சிக் கடைக்குப் போன் போட்டேன்.

"ரப்பர் மட்டும் தனியாக் கெடைக்குமாங்க?"

"பம்பே முன்னூத்தம்பதுதானுங்ணா. ரப்பருக்கு எதுக்குங்க அலையறீங்க? புதுசே போட்டுருங்க."

என் தொழிலில் இப்படி ஒரு பேச்சை எந்தச் சம்சாரியிடமும் நான் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் கடையை எப்போதோ மூடியிருப்பேன்.

கோபத்தில் செய்கிற வேலை உருப்படாது. நேராக ஆன்லைனில் 2300 ரூபாய்க்கு ஒரு பெரிய பம்ப் போட்டேன். அலுமினிய உடம்பு, பித்தளை அவுட்லெட், 20 வாட்ஸ், நிமிஷத்துக்கு 35 லிட்டர். இது வேறு சாதி: ரப்பர் கிடையாது, காயிலின் காந்த இழுப்பில் ஒரு பிஸ்டன் சிலிண்டருக்குள் முன்னும் பின்னும் ஓடும். ஒரு லிட்டர் பாட்டில் பத்தாது என்று 5 லிட்டர் கேன் வைத்து அளந்தேன். ஒரு அடி ஆழத்தில் 14 செகண்டில் கேன் காலி. நிமிஷத்துக்கு 21 லிட்டருக்கு மேல். பெட்டி வெந்நீர் அண்டா மாதிரி கொதித்தது. பார்க்க ஆனந்தமாக இருந்தது.

செடி பிழைக்கவில்லை.

இதை நான் மெதுவாகத்தான் புரிந்துகொண்டேன். தண்ணீரில் ஆக்ஸிஜன் எவ்வளவு கரையும் என்பதைச் சூடுதான் முடிவு செய்கிறது, பம்ப் இல்லை. 20 டிகிரியில் லிட்டருக்கு 9.1 மில்லிகிராம் வரை கரையும். 30 டிகிரியில் அது ஏழரையாக இறங்கிவிடும். 35-ல் ஏழுக்கும் கீழே. அதற்கு மேல் எத்தனை லிட்டர் காற்றை ஊதினாலும் குமிழ் மேலே வந்து உடைந்து போகுமே தவிர, தண்ணீருக்குள் நிற்காது. சூட்டில் வேரோ அதிகமாக மூச்சுவிடும், வேரழுகல் பூஞ்சைக்கும் அதுதான் கல்யாண வீடு. வெயிலில் காய்ந்த மாடிக் காற்றை, கை வைத்தால் சுடுகிற அலுமினிய பம்ப் வழியாகக் கரைசலுக்குள் ஊதிக்கொண்டிருந்தேன் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பிறகு செய்ததெல்லாம் காசில்லாத வேலை. பெட்டியை வடக்குப் பக்கம் மாடிப்படி அறையின் நிழலுக்கு நகர்த்தினேன். மேலே பச்சை வலை. பெட்டியைச் சுற்றி நனைத்த சாக்கு. மத்தியானம் ஃபிரீசரிலிருந்து இரண்டு பாட்டில் ஐஸ். 28 டிகிரிக்கு வந்தது. லெட்டூஸை மார்கழிக்கு ஒத்திவைத்துவிட்டு வள்ளைக்கீரை போட்டேன். குளத்தில் வளர்ந்த கீரைக்கு இந்தச் சூடெல்லாம் ஒரு பொருட்டா? வாரம் ஒரு பொரியலுக்கு வந்துவிட்டது. மகள் முகத்தைச் சுளித்தாள். அம்மா மட்டும் "இதுக்கு எதுக்குடா கரண்டு, வாய்க்கால்ல போய் பறிச்சா ஆகாதா?" என்றார்கள்.

பிஸ்டன் பம்பைக் குறை சொல்ல மனமில்லை. உடம்பு கெட்டி, நான்கு ஸ்குரூவில் திறக்கிறது, உள்வேலை சுத்தம். நாலைந்து பெரிய டிரம் வைத்திருக்கிறவர்களுக்கு ஏற்றது. ஒரு பெட்டிக்கு இது கோழி அறுக்க வெட்டரிவாள். இரண்டு மாத பில்லுக்கு 29 யூனிட் கிட்ட இழுக்கும். அவுட்லெட்டை அடைத்து அடைத்துக் காற்றைக் குறைத்தால் சூடாகிச் சாகும். மீதிக் காற்றை வெளியே திறந்துவிட வேண்டும். சூட்டில் சாதா பிளாஸ்டிக் டியூப் இளகி நழுவிவிழும், சிலிக்கான் டியூப்தான் போட வேண்டும். எண்ணெய் மட்டும் விடாதீர்கள். கை பரபரக்கும், எனக்கும் பரபரத்தது. இது எண்ணெய் இல்லாமல் ஓடவென்றே செய்தது, விட்டால் புழுதியும் எண்ணெயும் சேர்ந்து பிஸ்டன் இறுகும், கரைசலிலும் எண்ணெய் மிதக்கும். இப்போது அது வண்ணாமடையில் மீன் வளர்க்கிற ஒரு சிநேகிதரிடம் இருக்கிறது. மாதம் ஒரு கிலோ திலேப்பியா வாடகை.

அந்த மே மாதம் பாலக்காடு பக்கம் ராத்திரியில் மின் கட்டுப்பாடு வந்தது. பம்ப் நின்றால் உடனே செடி செத்துவிடாது. குளிர்ந்த காலத்தில் நாலைந்து மணி நேரம் சமாளிக்கும். மே மாதத்தில் ஒரு மணி நேரமே கவலைதான். அதனால் மூன்றாவதாக ஒரு பேட்டரி பம்ப், 950 ரூபாய். கரண்ட் இருக்கும்போது சார்ஜ் ஆகும், போனால் தானாக ஓடும். யோசனை அருமை. திறந்து பார்த்தால் பேனா மூடி அளவு டிசி மோட்டார், ஒரு தட்டை லித்தியம் செல். அட்டையில் 10 மணி நேரம், என் கையில் ஐந்தரை. எனக்கு அது போதும். ஆனால் வெயிலில் மாடியில் வைத்ததில் மூன்றே மாதத்தில் செல் அப்பளம் மாதிரி உப்பிவிட்டது. உப்பிய செல்லைக் குத்துவதோ மறுபடி சார்ஜ் போடுவதோ கூடாது, தீப்பிடிக்கும். இரண்டாவது செல் போட்டுப் படிக்கட்டு நிழலில் மாட்டிய பிறகு ஒழுங்காக இருக்கிறது. இதை இன்வெர்ட்டர் லைனில் செருகாதீர்கள். கரண்ட் போனதே அதற்குத் தெரியாது, எனவே ஓடாது. ஒரு வாடிக்கையாளர் இப்படிச் செருகிவிட்டு, பம்ப் கெட்டுப்போச்சு என்று மூன்று நாள் புலம்பினார்.

இன்வெர்ட்டர் இருக்கும்போது பேட்டரி பம்ப் எதற்கு என்று கேட்கலாம். சைன் வேவ் இன்வெர்ட்டர் என்றால் வேண்டாம், சாதா பம்பையே அதில் ஓட்டுங்கள். பழைய ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டரில் காந்த பம்ப் குரல் உடைந்த பையன் மாதிரி கத்தும், சூடும் கூடும்.

நான்காவது பம்ப் 2024 செப்டம்பரில் வந்தது. இந்தத் தடவை போன் போடவில்லை. கோபாலபுரம் வழியாகப் பைக்கில் பொள்ளாச்சிக்கே போய், அதே கடையில் அலமாரியில் இருந்ததை எல்லாம் ஒவ்வொன்றாகக் கவிழ்த்துப் பார்த்தேன். கடைப் பையன் வித்தியாசமாகப் பார்த்தான். ஒட்டிய அடிமூடி எல்லாம் ஒரு பக்கம், ஸ்குரூ போட்டது எல்லாம் ஒரு பக்கம். ஸ்குரூ போட்டது இரண்டுதான் தேறியது. அதில் ஒன்றுக்கு ரப்பர் தனியாக வரும் என்றார் கடைக்காரர். "வரும்னா, இப்ப இருக்குதுங்களா?" என்றேன். உள்ளே போய்த் தூசி தட்டி ஒரு பாக்கெட்டைக் கொண்டுவந்தார். ஒரு ஜோடி 40 ரூபாய். பார்த்ததும் பம்பைக் கட்டச் சொல்லிவிட்டேன்.

நான்கு அவுட்லெட், 10 வாட்ஸ், 1150 ரூபாய். ஒரு அடி ஆழத்தில் ஸ்டோனோடு ஒரு லிட்டருக்கு 22 செகண்ட். நான்கும் சேர்த்தால் நிமிஷத்துக்கு 11 லிட்டர் கிட்ட. பெட்டிக்கு ஏழரை போக, பக்கத்தில் ஒரு 20 லிட்டர் பெயின்ட் பக்கெட்டுக்கும் காணும். காற்றைப் பிரிக்கும்போது ஒரு சங்கதி: காற்று சோம்பேறி, தடை எங்கே குறைவோ அங்கேயே போகும். ஆழம் குறைந்த பக்கெட்டில் கொப்பளிக்கும், பெட்டியில் ஒன்றும் இருக்காது. எல்லா ஸ்டோனையும் ஒரே ஆழத்தில் போடுங்கள், இல்லையென்றால் குழாய்க்கு ஒரு சின்ன வால்வு வைத்துத் திருகிச் சமன் செய்யுங்கள். டியூப் கறுப்பாக இருந்தால் நல்லது. கண்ணாடி மாதிரி உள்ளே தெரிகிற பிளாஸ்டிக் டியூபில் வெயில் பட்டுப் பாசி பிடிக்கிறது, ஒரு வருஷத்தில் விறைத்து அவுட்லெட் ஓரம் வெடிக்கிறது. சோப்புத் தண்ணீரைத் தொட்டு வைத்தால் எங்கே ஒழுகுகிறது என்று தெரியும்.

குறையும் சொல்லிவிடுகிறேன். காற்றைக் கூட்டிக் குறைக்கிற திருகு வெறும் அலங்காரம், கடைசி கால் திருப்பில்தான் வேலை செய்கிறது. வயர் ஒன்றேகால் மீட்டர்தான், நான் நீட்டிக்கொண்டேன். ரப்பர் கால்களில் ஒன்று முதல் வாரமே உதிர்ந்தது. அவுட்லெட் மூக்கு பிளாஸ்டிக், டியூபை இழுத்துப் பிடுங்கினால் முறியும், பிளேடால் கீறிக் கழற்ற வேண்டும். ஒரு தடவை உள்ளே சிவப்பெறும்பு குடியேறிவிட்டது. காயில் சூடு எறும்புக்குப் பிடிக்கும். தொங்கவிட்ட கயிற்றில் கொஞ்சம் வேப்பெண்ணெய் தடவினேன்.

ரப்பர் பத்தாவது மாதம் கிழிந்தது. மாற்ற எனக்கு எட்டு நிமிஷம் ஆனது. நான்கு ஸ்குரூவைக் கழற்றி, கையைத் தூக்கி, பழைய ரப்பரைப் பிடுங்கி, புதியதன் விளிம்பு பள்ளத்தில் முழுக்க உட்கார்ந்ததா என்று விரலால் ஒரு சுற்றுத் தடவிப் பார்த்து மூட வேண்டும். அந்த விளிம்பில்தான் எல்லோரும் கோட்டை விடுவார்கள். வால்வுத் தகட்டை ஈரத்துணியால் துடைத்துவிடுங்கள், ஒரு மணல் துகள் இருந்தால்கூட மூடாது. பிளக்கைப் பிடுங்கிவிட்டுத்தான் இதெல்லாம் என்று சொல்லத் தேவையில்லை. ஆனாலும் என் தொழிலில் சொல்லாமல் விட்டுப் பட்டவர்களைப் பார்த்திருக்கிறேன்.

புதிதாக ஆரம்பிக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை: கீரைக்கு மட்டும் என்றால் பம்பே இல்லாமலும் முடியும். ஹவாய் பல்கலைக்கழகத்தில் இருந்த பெர்னார்ட் கிராட்கி காட்டிய முறை அது. செடி குடிக்கக் குடிக்கக் கரைசல் கீழே இறங்கும், மேல் வேர் காற்றில் நின்று மூச்சுவிடும். மறுபடி நிரப்பி வேரை முழுக்கி விடாமல் இருந்தால் சரி. நான் இரண்டு பக்கெட்டை அப்படித்தான் வைத்திருக்கிறேன், கொசு நுழையாமல் மூடியைச் சுற்றி டேப் ஒட்டி. புதினாவும் வள்ளையும் நன்றாகவே வருகிறது. தக்காளி, வெள்ளரி, வெயில் கால லெட்டூஸ் என்று ஆசைப்பட்டால் பம்ப் வாங்குங்கள்.

போன மாதம் பொள்ளாச்சிக்குப் போனபோது அந்த நான்காவது பம்ப் இனி வராது, மாடல் மாறிவிட்டது என்றார் கடைக்காரர். புதுசைக் கவிழ்த்துப் பார்த்தேன், அடிமூடி ஒட்டியிருந்தது. ரப்பர் பாக்கெட் மிச்சம் எத்தனை என்று கேட்டேன். ஏழு ஜோடி. 280 ரூபாய் கொடுத்து ஏழையும் வாங்கி, கடை மேஜை டிராயரில் கெபாசிட்டர்களுக்குப் பக்கத்தில் வெயில் படாமல் வைத்திருக்கிறேன்.